குப்பத்துக் கிணறும் எங்கள் கெமிஸ்ட்ரி லேபும்

கண்ணை மூடினால் எனக்கு முதலில் நிறங்கள்தான் வருகின்றன. ஆட்களெல்லாம் அப்புறம்தான். காட்மியம் என்றால் மஞ்சள். ஆண்டிமனி என்றால் ஆரஞ்சு. மாங்கனீஸ் வெளிறிய ரோஜா, இரும்பு மை நீலம், நிக்கல் கூறைப் புடவைச் சிவப்பு. திருவொற்றியூர்க் கடலோரத்தில் இருந்த எங்கள் கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேபுக்குக் கிழக்கே பெரிய ஜன்னல்கள். காலை பிராக்டிகல் வகுப்பில் கடல் வெளிச்சம் அவற்றின் வழியாக வந்து, வரிசை வரிசையாக நிற்கும் டெஸ்ட் டியூப்களுக்குள் புகுந்து கொள்ளும். எனக்கு அந்த வேளையில் பாடம் நடத்தவே தோன்றாது. சும்மா நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருக்கும். வகுப்பு முடிந்ததும் அத்தனை நிறங்களும் தொட்டியில் கொட்டப்பட்டு, குழாய்த் தண்ணீரோடு கலந்து, காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடும். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், அதே கல்லூரியில் இன்று வேலை பார்க்கும் ஒரு பெண். என் மாணவியின் மாணவி. அவளைப் பசுமை வளாகக் குழுவுக்குப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டுகிறார்களாம், வெளியே வந்ததும் ஆளுக்கு ஒரு பக்கம் சண்டைக்கு நிற்கிறார்களாம். உங்கள் காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் மேடம், எழுதிக் கொடுங்கள் என்று போனில் கேட்டாள். எங்கள் காலத்தில் பசுமை என்றால் நிக்கல் சல்பேட்டின் நிறம், அவ்வளவுதான் என்றேன். அவள் சிரிக்கவில்லை. பாவம், நிஜமாகவே நொந்து போயிருந்தாள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் படித்ததும் வேலைக்கு வந்ததும் சின்னக் கதை. ராயபுரம் கல்மண்டபம் பக்கம் எங்கள் வீடு. அப்பா ஹார்பரில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டினார். கோயில் மணியும் கப்பல் சங்கும் மாறி மாறிக் கேட்கும் வீட்டில் ஐந்து பிள்ளைகளில் நான் மட்டும் கல்லூரி வரை போனேன். அறுபதுகளின் கடைசியில் கெமிஸ்ட்ரியில் பட்டம் வாங்கி, டெமான்ஸ்ட்ரேட்டர் வேலைக்கு வந்தேன். டெமான்ஸ்ட்ரேட்டர் என்றால் லேபில் மாணவர்களுக்குச் செய்து காட்டுகிறவள். தற்காலிக வேலை. நிரந்தரமாக்குவதும் வீட்டுக்கு அனுப்புவதும் பிரின்சிபால் கையில். தினமும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டே வருவேன். மீன் வாடை போனால் காசிமேடு தாண்டியாச்சு, எண்ணெய் வாடை வந்தால் தண்டையார்பேட்டை, உப்புக் காற்று முகத்தில் அடித்தால் இறங்க வேண்டியதுதான்.

எங்கள் துறைத் தலைவர் பேராசிரியர் சபாபதி. ஒல்லியான, உயரமான மனிதர். அவருடைய வெள்ளைக் கோட்டில் ஆசிட் தெறித்த ஓட்டைகள் அங்கங்கே இருக்கும். புதுக் கோட்டு வாங்க மாட்டார். மூக்கு ஒரு கருவி என்பது அவர் கட்சி. பிராக்டிகல் நாளில் யாரும் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வரக் கூடாது, வாயு வாசனை பிடிபடாமல் போய்விடும் என்பார். முதல் நாள் நான் தலை நிறையப் பூவோடு போய் நின்றேன். அவர் ஒரு பீக்கரில் தண்ணீர் ஊற்றி நீட்டினார். பூவை அதில் போட்டுவிட்டு வேலை பார், போகும்போது எடுத்துக்கொள் என்றார். திட்டுவதைக்கூட மரியாதையாகச் செய்யத் தெரிந்தவர்.

கண்டது ஒன்று, கருதியது ஒன்று, ரெண்டையும் கலக்காதே. இதுதான் அவருடைய மந்திரம். ஒரு மாணவன் ஓடிவந்து ஈயம் சார் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். என்ன கண்டாய் என்று கேட்பார். வெள்ளையாக வீழ்படிவு விழுந்தது, வெந்நீரில் கரைந்தது என்று அவன் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் ஈயம் என்ற வார்த்தை வாயிலிருந்து வரலாம். எனக்கு அந்தக் கெடுபிடி ரொம்பப் பிடித்திருந்தது. அதுவே ஒரு நாள் என் கழுத்தை நெரிக்கும் என்று அப்போது தெரியாது.

உப்புப் பகுப்பாய்வுதான் பிராக்டிகலில் பெரிய விஷயம். ஒவ்வொருவருக்கும் காகிதப் பொட்டலத்தில் தெரியாத ஓர் உப்பு. அதைக் கரைத்து, முதலில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட், பிறகு மூலையில் இருக்கும் கிப்ஸ் கருவியிலிருந்து அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, பிறகு அமோனியா என்று படிப்படியாகப் போய், எந்த உலோகம் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சபாபதி சாருக்கு எல்லாம் பெரிய அளவில் நடக்க வேண்டும். பெரிய டியூப், வாய் வரை கரைசல், அடியில் கெட்டியாக உட்காரும் வீழ்படிவு. நாலு பேர் பார்க்கிற மாதிரி விழணும் என்பார். வேறு கல்லூரிகளில் செமி-மைக்ரோ என்ற முறை வந்திருந்தது. சொட்டுச் சொட்டாகச் செய்வது, இருபதில் ஒரு பங்கு சரக்கில் வேலை முடிந்துவிடும். அதைப் பற்றி நான் பேச்செடுத்தபோது அவர் கோபப்படவில்லை. நம் பிள்ளைகளைப் பார், அப்பன் கப்பலில் மூட்டை தூக்குகிறான், இல்லை மில்லுக்குப் போகிறான், இதுவரை கண்ணாடிச் சாமானைக் கையால் தொடாதவர்கள், பெரிய அளவில் செய்தால் கை நடுங்கினாலும் விடை வரும், சொட்டு முறையில் கை நடுங்கினால் ஒரு வருஷம் போய்விடும் என்றார். அதில் நியாயம் இருந்தது. அதனால்தான் பின்னால் வந்த சண்டை அத்தனை கஷ்டமாக இருந்தது.

கழிவைக் கொட்டுவதற்கும் ஒரு விதி வைத்திருந்தோம். கொட்டும்போது குழாயை முழுசாகத் திறந்துவிட வேண்டும், தண்ணீர் சேரச் சேர விஷம் போய்விடும். சபாபதி சார் நம்பினார், நான் நம்பினேன், லேப் அட்டெண்டர் கன்னியப்பன் நம்பினார். வியாசர்பாடியிலிருந்து சைக்கிளில் வருகிற கன்னியப்பனுக்குச் சாயந்திரம் எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பீடி பிடிப்பதில் ஒரு சுகம்.

ரஞ்சிதம் கல்லூரி கேட்டுக்கு வெளியே ஆப்பம் சுட்டு விற்பவள். சுவருக்குப் பின்னால் இருந்த மீனவர் குப்பம் அவள் ஊர். அவள் வீட்டுக்காரர் கட்டுமரத்தில் போகிறவர். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவளிடம் ரெண்டு ஆப்பம் வாங்கித் தின்றுவிட்டுத்தான் உள்ளே போவேன். கல்லூரி திறந்த ஜூன் மாதம் ஒரு நாள் அடுப்பு அணைந்து கிடந்தது. அவள் அதற்குப் பக்கத்தில் சும்மா குந்தியிருந்தாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். அவள் காலிலிருந்து கொலுசைக் கழற்றி என் கையில் வைத்தாள். வெள்ளிக் கொலுசு, கரி பூசின மாதிரி கறுத்திருந்தது.

"வெளக்கி வச்ச அண்டா விடிஞ்சா கறுத்துப் போவுது. மாவு கலக்கினா நாறுது. எவன் துண்ணுவான்? உன் லேபாண்ட வந்தா ஒரு நாத்தம் அடிக்கும் பாரு டீச்சர், அதே நாத்தம் எங்க கெணத்துல அடிக்குது."

குப்பத்துக்கு நல்ல தண்ணீர்க் கிணறு அது ஒன்றுதான். மற்ற இடத்தில் எங்கே தோண்டினாலும் உப்பு. பெண்கள் விடியற்காலையில் கிளம்பி, தேரடி வரை நடந்து போய்க் குடம் சுமந்து வந்துகொண்டிருந்தார்கள். ரஞ்சிதம் ஆப்பத்துக்குத் தண்ணீர் சுமப்பாளா, குடிக்கச் சுமப்பாளா? கடையை நிறுத்திவிட்டாள்.

அன்று மத்தியானம் கைப்பையில் லெட் அசிடேட் காகிதம் எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனேன். ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால் கறுக்கும் காகிதம் அது. மாணவர்கள் தினமும் செய்கிற சோதனைதான். வாளியில் இறைத்த தண்ணீருக்கு மேல் பிடித்தேன். ஓரம் பழுப்பாகி, பிறகு முழுசும் கறுத்தது. வாளியை அப்படியே போட்டுவிட்டு மணலில் ஓடிவந்து சபாபதி சாரின் மேஜையில் காகிதத்தை வைத்தேன்.

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்டது, காகிதம் கறுத்தது. கருதியது, நம் லேப் தண்ணீர். நடுவில் பாலம் எங்கே என்று கேட்டார். கடலோரத்தில் பாசி அழுகினாலும் இதே வாயு வரும், மீன் குடல் அழுகினாலும் வரும். அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததாலேயே எனக்குக் கோபம் தலைக்கேறியது. அங்கே ஒரு பெண் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், இங்கே பாலம் கேட்கிறீர்களே என்று சொல்லிவிட்டேன். துறைத் தலைவரிடம் ஒரு தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டர் பேசுகிற பேச்சா அது? கன்னியப்பன் பயந்து போய்க் குழாயை மூடினார்.

சபாபதி சார் காகிதத்தைத் தன் நோட்டுக்குள் வைத்து மூடினார். பிறகு, அப்படியானால் பாலத்தை நாமே போட்டுப் பார்ப்போம் என்றார்.

அவர் யோசனை இது. ஃபுளோரெசீன் என்று ஒரு சாயம். செங்கல் நிறப் பொடி. காரத்தில் கரைத்தால் பச்சையாக ஒளிவிடும், ஒரு துளி போதும், ஒரு தொட்டித் தண்ணீரே பச்சையாகிவிடும். குடித்தாலும் கெடுதல் கிடையாது. எங்கள் லேபிலேயே மாணவர்கள் தயாரிக்கிற சரக்குதான். அதை நம் தொட்டியில் ஊற்றுவோம், கிணறு பச்சையானால் பாலம் இருக்கிறது, ஆகாவிட்டால் இல்லை. ஆனால் குப்பத்தில் யாருக்கும் சொல்லக் கூடாது, சொன்னால் அவர்கள் கண்ணுக்கு நாளையே பச்சை தெரியும் என்றார். அவர்கள் கிணற்றில் அவர்களுக்குத் தெரியாமல் சாயம் விடுவதற்கு நான் வர மாட்டேன் என்றேன். அந்த ஒரு விஷயத்துக்கு இரண்டு பேரும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அவரே வந்து, சரி சொல்லிவிடு, ஆனால் பச்சையை உன் கண்தான் முதலில் காண வேண்டும் என்றார்.

சொன்னதும் ரஞ்சிதம் கேட்டது ஒரே கேள்விதான். அதுவரைக்கும் குடிக்கிற தண்ணிக்கு எங்கே போவது? கல்லூரி வளாகத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு முனிசிபாலிடிக் குழாய் இருந்தது. அதைத் திறந்துவிடலாம். ஆனால் குடங்களோடு பெண்கள் உள்ளே வருவதற்குப் பிரின்சிபால் ஒத்துக்கொள்ள மாட்டார். இது கல்லூரி, சந்தைக் கடை இல்லை என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். நான் கிளம்பும்போது, உன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பது ஞாபகம் இருக்கட்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

சபாபதி சார் போய் எப்படிப் பேசினார் என்பதைத்தான் போனில் கேட்ட அந்தப் பசுமைக் குழுப் பெண் முக்கியமாகப் படிக்க வேண்டும். கருணை, தர்மம், ஏழைகள் என்று ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எங்கள் துறையில் ஒரு சோதனை நடக்கிறது, சோதனை முடியும்வரை அந்தக் கிணற்றுத் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது, துவைக்கவும் கழுவவும் மட்டும் இறைக்க வேண்டும், அதற்காகக் குழாயைத் திறக்க வேண்டியிருக்கிறது என்றார். சோதனையைத் தடுத்தவர் என்ற பெயர் பிரின்சிபாலுக்கு வேண்டாம். கேட் திறந்தது. குடச் சத்தத்தில் வகுப்பு நடத்த முடியவில்லை என்று சரித்திரத் துறையில் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

சாயத்தை ஊற்றிய நாள் எனக்குக் கனவு மாதிரிதான் நினைவிருக்கிறது. சபாபதி சார் பொடியைக் காஸ்டிக் சோடாவில் கரைத்தார். பீக்கரை ஜன்னல் பக்கம் தூக்கியதும் பச்சை வெளிச்சம் அவர் கோட்டெல்லாம் படிந்தது. கன்னியப்பன் குழாயை முழுசாகத் திறந்தார். தொட்டியில் பச்சை சுழன்று சுழன்று உள்ளே போவதை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அத்தனை அழகாக ஒன்று சாக்கடைக்குள் போனதை அதற்கப்புறம் நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து தினமும் வகுப்புக்கு முன்னால் கிணற்றுக்குப் போவேன். கடல் மேல் புகை மாதிரி மூட்டம் நிற்கும். வடக்கே எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகள் தெரியும், பாதி தெரியாது. எங்கேயோ ஒரு கப்பல் கூவும். வாளியை இறக்கி, இறைத்து, சூரியனுக்கு நேராகப் பிடிப்பேன். வெறும் தண்ணீர். திரும்பி வந்தால் சபாபதி சார் நிமிர்ந்து, "கண்டது?" என்று மட்டும் கேட்பார். ஒன்றுமில்லை சார் என்பேன். நாள் போகப் போக எனக்கு ஒரு விசித்திரமான மயக்கம். தூக்கத்தில் பச்சை வரும். கிணறு பச்சையாகிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போவேன், பாதி வழியில் சுருக்கென்று குத்தும். இன்னொருத்தர் குடிக்கிற கிணறு கெட்டிருக்க வேண்டும் என்று வேண்டுகிறாயே, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று என்னையே திட்டிக்கொள்வேன். அடுத்த நாளும் அதே வேண்டுதல்தான்.

ஒரு நாள் காலை, வாளி மேலே வரும்போதே தெரிந்தது. சூரியன் கடலை விட்டு எழும்பியிருந்தது. வாளிக்குள் பச்சை வெளிச்சம் தளும்பிக்கொண்டிருந்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். வட்டம் முழுவதும், சுவர் ஓரம் வரைக்கும், அதே பச்சை. அழகாக இருந்தது. சொல்லக் கூடாது, ஆனால் அத்தனை அழகு. நான் மெய்மறந்து நின்றுகொண்டிருந்தபோது பெண்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். வயதான ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். ரஞ்சிதம் பார்த்துவிட்டுக் கிணற்று மேடையில் உட்கார்ந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பச்சையைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது, இத்தனை நாளும் எங்கள் லேபைத்தான் அவர்கள் குடித்திருக்கிறார்கள்.

ஆள் அனுப்பியதும் சபாபதி சார் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கோட்டோடு மணலில் நடந்து வந்தார். எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் குனிந்தபடியே நின்றார். கண்டது, கருதியது என்று ஆரம்பிப்பாரோ என்று பயந்தேன். நிமிர்ந்து, கன்னியப்பனிடம் லேப் தொட்டிகளை அடைத்துவிடச் சொன்னார். அன்று பிராக்டிகல் நடக்கவில்லை.

இதற்குமேல்தான் நிஜமான சண்டைகள். சொட்டு முறைக்கு மாறுவது என்று முடிவாயிற்று. இறுதியாண்டு மாணவர்கள் கொதித்துப் போனார்கள். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இரண்டு முறைக்கும் இடமுண்டு, ஆனால் தேர்வுக்கு வெளியிலிருந்து வருகிற பரீட்சகர் எந்த முறையில் பழகியவரோ யாருக்குத் தெரியும்? குப்பத்துக்காரர்களுக்காக எங்கள் வருஷத்தை விடணுமா என்று ஒருவன் கேட்டான். அவனே எண்ணூர்க் குப்பத்துப் பையன்தான். கன்னியப்பனோ என்னிடம் தனியாக வந்து, விரல் நுழையாத டியூபை எப்படிக் கழுவுவது, இத்தனை வருஷம் இல்லாத பேஜாரு எதுக்கு டீச்சர் என்றார். இருவர் சொன்னதும் பொய்யில்லை. அதனால் யாருக்கும் பிரசங்கம் செய்யாமல், ஒவ்வொருவர் கஷ்டத்துக்கும் ஒரு வழி தேடினோம். மாணவர்களுக்குக் காலையில் வகுப்புக்கு முன்னால் கூடுதல் பயிற்சி, சபாபதி சாரே எடுத்தார். டியூபை அவரவரே கழுவிக் கவிழ்க்க வேண்டும், கன்னியப்பன் கழுவ வேண்டாம் என்றானது. கழிவைக் கொட்டுவதற்குச் சுவர் ஓரம் சிமெண்டுத் தொட்டி கட்டி, எண்ணூர் காயலில் அள்ளிச் சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொட்டி வைத்தோம். ஆசிட் அதில் அடங்கிவிடும், உலோகங்கள் அடியில் தங்கிவிடும். சுண்ணாம்பைக் கிளறுகிற வேலையைக் கன்னியப்பன் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். குழாய்ச் சத்தம் போன பிறகு அவருக்குச் சாயந்திரத்தில் ஒரு வேலை வேண்டியிருந்தது.

ஒரு நாள் சபாபதி சாரிடம், இப்போதாவது சொட்டு முறை நல்லது என்று ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன்.

"இல்லைம்மா. பிள்ளைகள் கை கெட்டுப்போகும்னுதான் இப்பவும் நினைக்கிறேன். ஆனா செய்யப்போறேன்."

பசுமைக் குழுவைச் சேர்ந்த பெண்ணே, உனக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அவரை நான் சம்மதிக்க வைக்கவில்லை. அவர் சாகும்வரை சம்மதிக்கவும் இல்லை. எல்லாரும் மனம் மாறிய பிறகுதான் வேலை நடக்கும் என்று நீ காத்திருந்தால் ரிட்டயர் ஆகிவிடுவாய்.

மார்கழிக்குள் நல்ல மழை. கிணறு பொங்கித் தணிந்தது. பச்சை போயிற்று, நாற்றம் போயிற்று, பொங்கலுக்கப்புறம் லெட் அசிடேட் காகிதம் வெள்ளையாகவே இருந்தது. அரசு ஆய்வுக்கூடத்துக்கு ஒரு பாட்டில் தண்ணீர் அனுப்பினோம், குடிக்கலாம் என்று எழுதி வந்தது. தேர்வுக்கு வந்த பரீட்சகர் பழைய காலத்து மனிதர். சின்ன டியூப்களைப் பார்த்துவிட்டு இது என்ன பொம்மை விளையாட்டு என்றார். சபாபதி சார் அவருக்கு ஒரு நாற்காலியை மாணவர்கள் பக்கத்திலேயே போட்டார். நீங்கள் கண்டதைக் கொண்டு மதிப்பெண் போடுங்கள் என்றார். பிள்ளைகள் நன்றாகவே செய்தார்கள். அந்த எண்ணூர்ப் பையன் மட்டும் கை நடுங்கி, சொட்டு கூடிப்போய், தவறவிட்டான். சபாபதி சார் பயந்தது அவன் ஒருவன் விஷயத்தில் நடந்தே விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைத் தன் வீட்டுக்கு வரவழைத்துப் பழக்கினார், செப்டம்பர் தேர்வில் தேறினான். ஆனால் அவனுக்குச் சொல்லி வைத்திருந்த வேலை அதற்குள் போய்விட்டது. அவனை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் கனக்கும்.

கிணறு சரியாயிற்று. ஆனால் ஒரு பெண்கூடக் கிணற்றுப் பக்கம் குடத்தோடு போகவில்லை. எல்லாரும் கல்லூரிக் குழாய்க்கே வந்தார்கள். சோதனைதான் முடிந்துவிட்டதே, கேட்டை மூடு என்று பிரின்சிபால் சொல்லியனுப்பினார். மூடினால் அவர்கள் மறுபடி தேரடிக்கு நடக்க வேண்டும். சபாபதி சார் ஆய்வுக்கூடத்துக் காகிதத்தை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனார், நானும் போனேன். கிணற்றுக்குப் பக்கத்தில் நின்று அதைப் படித்துக் காட்டினார். பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். யாரும் அசையவில்லை.

ரஞ்சிதம்தான் முன்னால் வந்தாள். "காயிதத்த நீ வச்சிக்க வாத்தியாரே. தண்ணிய நீ குடி."

அவர் உடனே வாளியை இறக்கினார். இறைத்து, கையைக் குவித்து வயிறு நிறையக் குடித்தார். கோட்டெல்லாம் நனைந்தது. துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அவளுக்கு அது போதவில்லை.

"ஒரு நாளு யாரு வேணா குடிப்பாங்கோ. நாங்க தெனம் குடிக்கணும், எங்க புள்ளைங்க குடிக்கணும். நீ தெனம் குடி, அப்பால பாக்கலாம்."

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவரோ, அது நியாயம் என்றார்.

மறுநாளிலிருந்து கெமிஸ்ட்ரித் துறையின் குடிதண்ணீர்ப் பானை குப்பத்துக் கிணற்றிலிருந்து நிரம்ப வேண்டும் என்று உத்தரவு போட்டார். ரஞ்சிதமே ஒரு குடம் கொண்டுவந்து எங்கள் அறையில் இருந்த மண்பானையில் ஊற்றுவாள். ஊற்றிவிட்டுப் போக மாட்டாள், வாசலில் நிற்பாள். அவர் முதலில் ஒரு டம்ளர் குடிப்பார். அப்புறம் நான். முதல் நாள் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் குடித்தேன், சும்மா சொல்லக் கூடாது. கொஞ்சம் உப்புக் கரித்தது, மற்றபடி தண்ணீர்தான். கன்னியப்பன் மாதாவை வேண்டிக்கொண்டு குடித்தார். அவர் மாதாவைக் கும்பிடுகிறவரே இல்லை. இரண்டு விரிவுரையாளர்கள் வீட்டிலிருந்து கூஜாவில் கொண்டுவந்தார்கள், சபாபதி சார் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று பார்த்தேன். அந்தப் பானை வந்த பிறகு, சுண்ணாம்புத் தொட்டி நிரம்பிவிட்டதா, எவனாவது பழைய வழியில் கொட்டிவிட்டானா என்று கூஜாக்காரர்கள் உட்பட எல்லாரும் விசாரிக்க ஆரம்பித்தார்கள். எத்தனை கூட்டம் போட்டாலும் வராத அக்கறை அது.

பிரின்சிபால் கேட்டைப் பற்றி மறுபடி மறுபடி கேட்டனுப்பினார். சோதனை இன்னும் முடியவில்லை என்று ஒவ்வொரு தடவையும் பதில் போயிற்று. கோடை போய்ப் புது வருஷத்து மாணவர்கள் வந்தார்கள். நாங்கள் தினமும் குடித்தோம். ரஞ்சிதம் தினமும் வாசலில் நின்று பார்த்தாள். குழாயில் குடங்கள் குறையவே இல்லை. எனக்கு அலுத்துவிட்டது. இவர்கள் இனி நம்பப் போவதில்லை சார் என்று ஒரு நாள் சொன்னேன். அது அவர்கள் இஷ்டம், நாம் குடிப்போம் என்றார்.

பிறகு ஒரு காலை. மூட்டமாக இருந்தது, லேபில் ஜன்னல் வெளிச்சம்கூட மங்கல். ரஞ்சிதத்தின் குடம் இன்னும் வரவில்லை. முதல் மணி அடித்தது, ரெண்டாவது மணியும் அடித்தது. சபாபதி சார் வெறும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வரும்போது மூச்சு வாங்கியது, புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. குடத்தைச் சாய்த்துப் பானையில் ஊற்றினாள்.

"லேட்டாயிட்ச்சு வாத்தியாரே. கெணத்தாண்ட ஒரே கும்பலு, நின்னு மொண்டாற வேண்டியதாப் போச்சு."

அன்று அவள் வாசலில் நிற்கவில்லை. ஊற்றியதும் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். சபாபதி சார் டம்ளரில் மொண்டு நிதானமாகக் குடித்து முடித்தார். குடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, சோதனை முடிந்துவிட்டது என்று பிரின்சிபாலிடம் போய்ச் சொல்லிவிட்டு வரச் சொன்னார்.